சொற்களால் எழுந்த உலகம் – 9: நாடி நின்ற விளக்கு

எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் 1978-இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் பூர்த்தி செய்த 'மட்' என்னும் விளையாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும்: திரையில் சித்திரம் ஒன்றுமின்றி, வாக்கியங்களைப் படித்தும் தட்டச்சு செய்தும் பலர் ஒரே சமயத்தில் உலவும் உலகம். இவ்வாரம் டென்மார்க்கின் டிக்கு மட் என்னும் விளையாட்டுக்குப் போவதாக வாக்களித்திருந்தேன். வழியில் ஸ்வீடன் நிரலாளர் லார்ஸ் பென்ஸ்யோவைச் சந்தித்துவிட்டபடியால், அவரிடம் சற்று நேரம் தங்கியே ஆகவேண்டும்.

ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் தொழில்நுட்ப சர்வகலாசாலையின் கணினிச் சங்கத்தில், 1989-ஆம் ஆண்டு ஏப்ரலில், அவருடைய 'ஜெனஸிஸ்' என்னும் மட் விளையாட்டு திறக்கப்பட்டது. நல்லதொரு சாகசக் கதையைத் தம்மால் தனியாகக் கற்பனை செய்ய இயலாது என்று கருதிய பென்ஸ்யோ, விளையாட்டைக் கடைசிப் படிவரை வென்றவர்களுக்கு 'விஸார்ட்' என்ற பட்டத்தையும், அதனோடு நிரல் எழுதும் அதிகாரத்தையும் வழங்கி, உலகத்தின் எஞ்சிய பகுதிகளைச் சிருஷ்டிக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டார். அவர்களுக்கென்று அவர் வகுத்துக் கொடுத்த மொழி எல்பிசி. சி மொழியின் சாயல் உடையது. நிரல் என்றால் இன்னதென்றே அறியாமல் அரக்கர்களோடு போரிட வந்த எத்தனையோ இளைஞர்கள், வெற்றியின் பரிசாகவே நிரலாளர்கள் ஆனார்கள்.

அந்தக் கல்வியின் நுட்பத்தை விளக்க எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். தேவாரத்தில் வடுகூர் என்று வழங்கும் தலமாகிய திருவாண்டார்கோயிலில், சோழர் காலத்துப் பஞ்சநதீசுவரர் கற்றளி இன்றும் நிற்கிறது. அதை எல்பிசியில் எழுதப் புகுந்தால், மகாமண்டபம் ஓர் அறை, பிராகாரம் இன்னோர் அறை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. மண்டபத்தில் ஒரு விளக்கு வைக்கவேண்டும். எண்ணெய் குறைந்துகொண்டே வரவேண்டும். அதற்கென 'ஹார்ட் பீட்' என்று ஒரு செயற்கூறு உண்டு. விளையாட்டை இயக்கும் எஞ்சின் அதை ஏறத்தாழ இரண்டு விநாடிக்கொரு முறை தானாகவே அழைக்கும். அதில் எண்ணெயை ஒன்று குறைத்து, தீர்ந்ததும் "விளக்கு அணைந்தது" என்று மண்டபத்தில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும்படி எழுதிவிட்டால் போதும்.

இனி என்னை இவ்வாரம் முழுதும் ஆட்கொண்ட விஷயம். விளக்கின் நிரலில் ஒரு பிழையைக் கண்டு திருத்துகிறீர்கள், விளையாட்டை நிறுத்தவேண்டியதில்லை, எவரும் வெளியேறவேண்டியதில்லை, அந்த ஒரு கோப்பை மட்டும் புதுப்பித்தால், அதன்பின் பிறக்கும் விளக்குகள் புதிய விதிப்படி எரியும். ஆனால் முன்பே பிறந்து மண்டபத்தில் தொங்கும் விளக்குகளோ, தாம் அழியும்வரை பழைய விதியையே அனுசரிக்கும்! ஒரே மண்டபத்தில் இரு தர்மங்களுக்குக் கட்டுப்பட்ட இரு விளக்குகள் அருகருகே எரிவதைக் கண்ணால் காணும் மாணவனுக்கு, மூலவடிவம் வேறு, அதிலிருந்து பிறந்த பொருள் வேறு என்ற பேதம், கல்லூரியில் ஒரு பருவம் முழுதும் கரும்பலகையில் எழுதினாலும் பதியாத அளவுக்குப் பதிந்துவிடுகிறது.

பிழையின் நிலையும் அப்படியே. ஹார்ட் பீட்டினுள் தவறு நேர்ந்தால், எஞ்சின் அந்தப் பொருளின் துடிப்பை மட்டும் நிறுத்திவிடும்; விளக்கு இருக்கும், எண்ணெய் குறையாது, நாடி இல்லை. முடிவில்லாமல் சுழலும் நிரலை ஒருவன் எழுதிவிட்டால், பிறருடைய ஆட்டம் கெடாதபடி, குறித்த எல்லை தாண்டியதும் அதை அறுத்துவிடும். சாதாரண ஆட்டக்காரனுக்கோ, வானவெளியின் நெசவில் ஏதோ கோளாறு இருப்பதை அவனுடைய நுண்ணுணர்வு அறிவதாக மட்டும் ஒரு வரி தோன்றும். விஸார்டுக்குக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிட்டும். தன் பிழையால் எதிரே நிற்கும் நண்பனுடைய உலகம் அரைக்கணம் அசைந்தது என்று அறிந்த இளைஞன், பிழை திருத்துவதைப் பாடமாக அல்ல, கடமையாகவே கற்கிறான். இதைவிட மேலான நிரல் பள்ளி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மொழி விளையாட்டோடு நிற்கவும் இல்லை. லிங்ஷோப்பிங் சர்வகலாசாலைக் கணினிச் சங்கமான லைஸேட்டரில் எல்பிசியோடு பழகிய ஃப்ரெட்ரிக் ஹியூபினெட், அதே இலக்கணத்துக்குத் தாமே ஓர் எஞ்சின் எழுதினார். அது பைக் என்ற பொது மொழியாக வளர, ராக்ஸன் என்னும் இணையச் சர்வர் அதில் உருவாயிற்று. பென்ஸ்யோவுக்கு ஊக்கம் அளித்த ஏபர்மட் என்னும் விளையாட்டை, 1987-இல் வேல்ஸின் ஆபரிஸ்ட்வித்தில் எழுதிய மாணவர்களுள் ஒருவரான ஆலன் காக்ஸ், பின்னர் லினக்ஸ் கெர்னலின் வலைப்பின்னல் பகுதியைச் செப்பனிட்டவர்களில் தலையாயவர். பிறர் வந்து உலவும் உலகங்களை எழுதிய கைகள், பிறர் நம்பி வாழும் கருவிகளை எழுதப் போனதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இன்று அந்தப் பரம்பரையில் எவெனியா என்னும் மட் எஞ்சின் இருக்கிறது. பைத்தானில் எழுதப்பட்டது, இலவசம், யூனிகோடைக் கையாள்வதால் அறை வர்ணனைகளைத் தமிழிலேயே எழுதலாம். மதகடிப்பட்டுக் கல்லூரிகளுக்கு எங்கள் ஊர் வழியாகப் பஸ் ஏறும் பிள்ளைகள் அதில் தம் ஊர்களை அறை அறையாக எழுதவேண்டும் என்பது என் பேராசை. அதைச் செய்யும் முறையைத் தனியே ஓர் இதழில் விரிப்பேன்.

அதற்குமுன் டிக்கு மட்: கோபன்ஹேகனில் 1990-இல் ஐந்து மாணவர்கள் தொடங்கியது. எஞ்சினை முழுதும் சி மொழியில் இறுக்கிவைத்து, உலகத்தை மட்டும் தரவுக் கோப்புகளாகத் திறந்துவிட்ட அவர்களுடைய வழி பென்ஸ்யோவுக்கு நேர் எதிரானது. அது எப்படி நிரலாளர்களை உண்டாக்கிற்று என்பது அடுத்த வாரம்.