வண்டியை ஓட்டுவது கையா, மனமா?

யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்படும் பஸ் வண்டியில் ஏறியவர்களுக்கு அந்தப் பயணத்தின் அவசரம் எத்தகையது என்பது தெரியும். பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் பின்னே விட்டு, வேலணை ஊடாக வாணர் தாம்போதியில் வண்டி ஏறும்போது இரு மருங்கும் கடல். நடுவே ஒரு வீதி. அப்பால் புங்குடுதீவு. ஆயினும் பயணிகளிற் பலருக்குப் புங்குடுதீவே முடிவிடமன்று. அவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் பிடித்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்ல வேண்டும். வள்ளம் நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். ஆதலால் வண்டியில் உள்ள அத்தனை கண்களும் கைக்கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவ்வாறு சென்றபோது முன்னாசனத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், “தம்பி, கொஞ்சம் கெதியா விடும், வள்ளம் போகப்போகுது” என்று சாரதியை நெருக்கினார். பின்னாலிருந்து வேறு சிலரும் குரல் கொடுத்தனர். உண்மையை மறைப்பானேன்? அக்குரல்களுள் என் குரலும் ஒன்று. சாரதி திரும்பிப் பார்க்கவில்லை. “ஆச்சி, பாலத்திலை காத்து அடிக்குது. இதுக்கு மேலை ஓடேலாது” என்று மட்டும் சொன்னார். சொன்ன குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அன்று காலை எத்தனை மணிக்கு அவர் துயில் நீங்கினாரோ, எத்தனை முறை அதே வீதியில் ஓடினாரோ, நாம் ஒருவரும் கேட்கவில்லை.

வீதி விபத்து என்றால் வேகத்தையும் பழுதான வண்டியையும் குழி விழுந்த வீதியையும் பற்றிப் பேசுகிறோம். வண்டியைச் செலுத்துபவனின் மனத்தைப் பற்றிப் பேசுவது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் வீதி விபத்துகளால் மாண்டவர் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணமாக நிற்பதும் இதுவே. நம் இலங்கையிலும் ஆண்டுதோறும் 2,000இற்கு மேற்பட்டோர் வீதியில் உயிர் இழக்கின்றனர்.

இலண்டன் நகரில் ஓர் ஆராய்ச்சி

பஸ் தொழிலாளரின் உடல்நலத்தை முதன்முதலாகப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்களுள் இங்கிலாந்தின் வைத்திய அறிஞர் ஜெரி மொறிஸ் குறிப்பிடத்தக்கவர். இலண்டனின் இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளில் ஒரே வீதியில், ஒரே புகையில், ஒரே நேரத்தில் இருவர் வேலை செய்தனர். ஒருவர் நாள் முழுதும் இருந்த இடத்தில் இருந்து வண்டியைச் செலுத்துபவர். மற்றவர் நாளொன்றுக்கு 500 படிகளுக்கும் மேலாக ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர். ஏறக்குறைய 31,000 ஊழியரை ஆராய்ந்து 1953இல் அவர் வெளியிட்ட முடிவு வைத்திய உலகை விழிக்கச் செய்தது. மாரடைப்பு நோய் நடத்துநரைவிடச் சாரதிகளையே மிகுதியாகத் தாக்கியிருந்தது.

உடலுழைப்பே இதற்குக் காரணம் என்று மொறிஸ் கருதினார். நடந்து கடிதம் கொடுக்கும் தபாற்காரரையும் கந்தோரில் இருந்து எழுதுவோரையும் ஒப்பிட்டபோதும் அதே போக்குத் தென்பட்டது. ஆனால் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஊழியருக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். வேலையிற் சேரும்போதே சாரதிகளின் இடைச் சுற்றளவு நடத்துநரைவிடப் பெரிதாக இருந்தமை புலனாயிற்று. இதனையும் 1956இல் மறையாது வெளியிட்டார். தம் முடிவைத் தாமே ஐயுற்று மீண்டும் ஆராயும் இப்பண்பை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பொறுப்பு மிகுதி, அதிகாரம் குறைவு

உடலுழைப்பு ஒருபுறம் இருக்க, மனச்சுமையின் தன்மையை விளக்கியவர் றொபேர்ட் கரசெக் என்னும் அமெரிக்க அறிஞர். தொழிலில் பொறுப்பு மிகுதியாக இருப்பதால் மட்டும் மனிதன் வாடிவிடுவதில்லை என்று 1979இல் அவர் எடுத்துக்காட்டினார். பொறுப்பு மிகுந்திருந்து, அதனை எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்திருந்தால்தான் உள்ளம் பெரிதும் நைந்துபோகிறது.

இதனைச் சாரதியின் தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐம்பது உயிர்கள் அவர் கையில். நேர அட்டவணையை வகுத்தவர் வேறொருவர். நெரிசல் அவர் கையில் இல்லை. குறுக்கே வரும் மாடும் முச்சக்கர வண்டியும் அவர் கையில் இல்லை. நேரத்துக்குச் சென்றால் “கவனமில்லாமல் ஓடுகிறான்” என்பார்கள், கவனமாகச் சென்றால் “மாட்டு வண்டியா ஓட்டுகிறாய்?” என்பார்கள். பொறுப்பு மலையளவு, அதிகாரம் தினையளவு என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. சன் பிரான்சிஸ்கோ நகர பஸ் சாரதிகளை ஆராய்ந்த வைத்தியர்களும் அவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்டனர்.

நம் நாட்டில் வேறொரு சுமையும் உண்டு. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1979 முதல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. தனியார் வண்டிகள் பலவற்றில் சாரதிக்கும் நடத்துநருக்கும் கிடைக்கும் ஊதியம் அன்றன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னே செல்லும் வண்டி தரிப்பிடத்து ஆட்களை ஏற்றிக்கொண்டால் பின்னே வருபவரின் வீட்டு அடுப்பு மந்தமாக எரியும். வீதியில் ஓட்டப் போட்டி பிறப்பது இங்கேதான். 2005 ஏப்ரல் 27ஆந் திகதி பொல்கஹவெலவுக்கு அண்மையில், மற்றொரு பஸ் வண்டியை முந்தும் போட்டியில் புகையிரதக் கடவையைக் கடக்க முனைந்த வண்டி புகையிரதத்தில் மோதுண்டது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குற்றம் சாரதியுடையதே. ஆனால் அந்த அவசரத்தை வளர்த்த ஊதிய முறைக்கு நீதிமன்றத்தில் கூண்டு கிடையாது.

உறக்கம் என்னும் கடன்

1997இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 40 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். ஒருமுறை அவர்களுக்குச் சிறுகச் சிறுக மது கொடுத்தும், மறுமுறை உறங்கவிடாது விழித்திருக்கச் செய்தும், கையும் கண்ணும் ஒத்து இயங்கும் திறனை அளந்தனர். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் திறனளவுக்குத் தாழ்ந்தது. 24 மணித்தியாலம் விழித்திருந்தபோது அது 0.10 சதவீத அளவுக்குச் சென்றது.

மது அருந்தியவனைப் பொலிஸார் ஒரு குழாயை ஊதச் செய்து பிடிக்கலாம். உறக்கம் கெட்டவனைப் பிடிக்கும் குழாய் எது? கவலை கொண்டவனுக்கு உறக்கம் வாராது. உறங்காதவனுக்குக் கவலை வளரும். தொழிலிடத்து மனநலமும் வீதிப் பாதுகாப்பும் சந்திக்கும் இடம் இதுவே.

ஆதலாலன்றோ சட்டங்கள் ஓய்வை வற்புறுத்துகின்றன! இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8, வாரத்துக்கு 48 மணித்தியாலம் என வேலைக்குப் பொது வரம்பு இட்டது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கை, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இடைவிடாது வண்டி செலுத்தலாகாது என்கிறது. ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். சட்டம் ஏட்டில் இருப்பதும் வீதியில் இருப்பதும் ஒன்றன்று என்பது வேறு விடயம்.

கடல் கடந்து வரும் அழைப்பு

புங்குடுதீவாரின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பரந்து வாழ்கின்றனர். கனடாவில் இரவு உணவு முடித்து அன்போடு அழைக்கும் வேளையில் இங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு விரைந்துகொண்டிருப்பார். ஒரு கையால் கைத்தொலைபேசியை எடுத்துத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு பேச்சைத் தொடர்வார். நம்மவர் மிகுதியாக வாழும் ரொறன்ரோ நகரிலேயே 1997இல் இதனை ஆராய்ந்தனர். விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்கை ஒப்பிட்டபோது, பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காதல் தெரிந்தது. கையில் ஏந்தாது பேசியவருக்கும் அதனாற் பயன் தென்படவில்லை. சிதறுவது கையன்று, மனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாணவர்கள் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீற்றருக்கும் மேல் ஓடிவிடும். கடிகாரத்தை ஒருமுறை பார்த்து நிமிரும் நேரத்தில் தாம்போதியில் ஒரு வீட்டின் நீளம் கடந்துபோகும். வேகத்தில் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ச்சேத விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

நாம் செய்யக்கூடியவை

மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மிடை இன்னும் நீங்கவில்லை. போரும் இடப்பெயர்வும் நம் மக்களின் உள்ளத்தில் இட்ட வடுக்களை யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டு ஆராய்ந்து, 1998இல் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். அந்த வடுக்களோடுதான் பலர் இன்று வேலைக்குச் செல்கின்றனர், வண்டியும் ஓட்டுகின்றனர். மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் 2022இல் அறிவித்தன. உறக்கமின்மையும் காரணமற்ற சினமும் நீடித்தால் வைத்தியரை நாடுவதில் வெட்கம் எதற்கு? காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாம் வெட்கப்படுவதில்லையே! தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். விபத்து நேர்ந்தால் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 ஜூலை முதல் வட மாகாணத்துக்கும் அச்சேவை உண்டு.

வீட்டார் செய்யக்கூடியவையும் உள. அதிகாலையில் வண்டி எடுக்க வேண்டியவரை இரவு வெகுநேரம் விழித்திருக்க விடாதீர்கள். வாசலைத் தாண்டும் வேளையில் கடன் கணக்கையும் குடும்பச் சண்டையையும் எடுக்காதீர்கள். வீதியில் இருப்பவரை அழைத்தால், “நிறுத்திவிட்டு எடுங்கள்” என்பதே முதற் சொல்லாகட்டும். பயணிகளோ, வள்ளத்துக்குப் போக வேண்டுமாயின் ஒரு பஸ் முந்திப் புறப்படலாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் வீணாகவா சொன்னார்கள்?

அன்று நாங்கள் இறங்குதுறையை அடைந்தபோது வள்ளம் புறப்பட்டுவிட்டது. சிலர் முணுமுணுத்தனர். அந்த மூதாட்டி மட்டும் இறங்கும்போது தம் பையிலிருந்து வெற்றிலைச் சுருளுக்கு அடியில் வைத்திருந்த இரண்டு வாழைப்பழங்களை எடுத்து, “தம்பி, காலமை ஏதும் சாப்பிட்டனியோ?” என்று சாரதியிடம் நீட்டினார். அவர் சாப்பிடவில்லை. அடுத்த வள்ளத்துக்கு நாங்கள் காத்திருந்த நேரத்தில், ஆசனத்திற் சாய்ந்து அவர் சிறிது கண்ணயர்ந்தார். அவரை ஒருவரும் எழுப்பவில்லை.