வல்லாரையும் நினைவாற்றலும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஈரமான வாய்க்கால் ஓரங்களில் வல்லாரை வளரும். மலாய்க்காரர் அதனைப் ‘பெகாகா’ என்பர், பச்சையாகவே உண்பர். நம்மவர் துவையல் அரைப்பர். தேர்வுக் காலத்தில் நினைவு வளரும் என்று பிள்ளைகளுக்கு ஊட்டுவதும் உண்டு. இதில் உண்மை எவ்வளவு?

நினைவு மூளையில் பதிவதற்கு அசிட்டைல்கோலின் என்னும் பொருள் துணைபுரிகிறது. ஊமத்தையிலுள்ள ஸ்கோபோலமைன் அதன் வேலையைத் தடுப்பது. ஊமத்தை உண்டவர் மதிமயங்கி, நடந்ததை மறப்பது இதனாலேயாம். ஆய்வாளர் ஸ்கோபோலமைனை எலிகளுக்குச் செலுத்தி மறதியை உண்டாக்குவர். மூலிகைச் சாறு அதனை மாற்றுகிறதா என்று நோக்குவர். வல்லாரையும் நீர்ப்பிரமியும் இவ்வாறு மறதியைக் குறைத்துள்ளன. வடநாட்டில் இரண்டுக்குமே ‘பிராமி’ என்ற பெயர் வழங்குவதால், ஒன்றன் பயனை மற்றதன் மேல் ஏற்றிக் கூறுவோரும் உளர். முன்னதன் சிறப்புப் பொருள் ஏசியாட்டிகோசைடு. பின்னதன் பொருள் பேக்கோசைடு.

ஆயினும் மருந்தால் வந்த மறதி நீங்குவது வேறு. நலமுள்ள மாணவன் மேலும் கூர்மை பெறுவது வேறு. மனிதரிடம் நடந்த ஆய்வுகளில், நீர்ப்பிரமியைப் பல வாரம் உண்டோரிடம் சிறு பயன் தெரிந்தது. வல்லாரைக்கு அத்தகைய உறுதியான சான்று இன்னும் இல்லை.

வல்லாரையை நல்ல கீரையாக உண்போம். களைக்கொல்லி தெளித்த இடத்தில் மட்டும் பறிக்கலாகாது. பாடம் நினைவில் நிற்கப் படிப்பும் உறக்கமுமே முதல் மருந்து.