ஒரு போன் நம்பருக்கு ஒரே வீடு

இந்த வார எபிசோடுல நோ-கோடு ஆப் பத்திப் பேசினோம். நேரம் இல்லாம விட்டுப்போன விஷயம் இது: தகவலை எப்படி டேபிள்களாகப் பிரிப்பது?

முதல்ல என் சொதப்பல். ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏர்டேபிளில் ஆப் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன்தான். ஆனா அவசரத்துல எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போட்டுட்டேன். ஒரு பிள்ளை தமிழ், மிருதங்கம்னு இரண்டு வகுப்புக்கு வந்தா இரண்டு வரி. இரண்டிலும் அம்மாவோட போன் நம்பர். அம்மா நம்பரை மாத்தினப்போ தமிழ் வகுப்பு வரியை மட்டும் திருத்தினோம். ஒருநாள் மிருதங்க வகுப்பில் பிள்ளைக்குக் காய்ச்சல். டீச்சர் பழைய நம்பருக்கே 40 நிமிஷம் அடிச்சுட்டு இருந்தாங்க.

தப்பு டீச்சர் மேல இல்ல, என் டேபிள் மேல.

ஒரே தகவல் பல இடத்தில் கிடந்தால் ஒன்றுக்கொன்று முரண்படும். ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட், ஐபிஎம்மில் இருந்தபோது 1970-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்தச் சிக்கலைப் பேசியிருக்கிறார்.

இப்போ அந்த ஆப்பில் நான்கு டேபிள்:

1. குடும்பங்கள்: போன் நம்பர், முகவரி இங்கே மட்டும்.
2. பிள்ளைகள்: ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தோடு லிங்க். அண்ணன், தங்கைக்கும் அதே நம்பர்தான்.
3. வகுப்புகள்: பெயர், நேரம், ஆசிரியர்.
4. சேர்க்கைகள்: ஒரு வரி என்றால் ஒரு பிள்ளை, ஒரு வகுப்பு.

நான்காவது எதுக்கு? பிள்ளையை நேரா வகுப்போடு லிங்க் பண்ணலாமே? பண்ணலாம். ஆனா சேர்ந்த தேதி, கட்டின ஃபீஸ் எல்லாம் எங்கே போகும்? பிள்ளைக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு இருபது பிள்ளை. இரண்டு பக்கமும் ஒட்டாது. அது ‘இந்தப் பிள்ளை, இந்த வகுப்பில்’ என்ற உறவுக்குச் சொந்தமான தகவல். அந்த உறவுக்கே ஒரு டேபிள் போடுவதைத்தான் ஜங்ஷன் டேபிள் என்கிறோம்.

டீச்சருக்கு நம்பர் தெரியணுமே? லுக்கப் ஃபீல்டு போடுங்க. குடும்பத்திலிருந்து பிள்ளைக்கு ஒன்று, பிள்ளையிலிருந்து சேர்க்கைக்கு ஒன்று. அது நகல் இல்ல. மூல இடத்தில் மாத்தினா எல்லா இடத்திலும் தானாகவே மாறும்.

உங்க ஆப்பைத் திறந்து ஒவ்வொரு காலத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்க: ‘இது மாறினா எத்தனை வரியைத் திருத்தணும்?’ பதில் ஒன்றுக்கு மேல் போனா, அந்தத் தகவலுக்குத் தனி டேபிள் வேணும்.

அடுத்த எபிசோடில் பேசலாம்!