விண்ணேறும் கலத்திற்கு உத்தரவளிப்பவர் யார்?

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளை நம் மாவட்டத்தார் எளிதில் மறவார். குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாய் அமைக்கப்பட்டுவந்த காலத்தில், மக்களைக் கரை சேர்த்துவந்த படகுப் பாதை நீரிற் கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பாலகரும் அதில் மாண்டனர். துயரத்தினூடே ஊரெங்கும் இரு வினாக்கள் எழுந்தன. இதனை ஓட்ட உத்தரவளித்தவர் யார்? நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பாளி யார்?

இவ்விரு வினாக்களையும், கலம் புறப்படுமுன்னரே கேட்டு விடை எழுதிவைக்க நாடுகள் ஒன்றுகூடி முயன்ற துறையொன்று உண்டு. விண்வெளிக்கு இராக்கெட் செலுத்துதலே அது. நம் தீவில் விண்வெளி ஏவுதளம் இல்லை. எனினும், அயலில் எழும் கலங்கள் நம் கீழ்க்கடலின் மேலாகச் செல்வதால், அவற்றை ஆளும் விதிகளை நாம் அறிந்திருத்தல் நன்று.

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையே இவ்விதிகளுக்கு அடித்தளம். அவ்வாண்டிலேயே இலங்கையும் அதிற் கையொப்பமிட்டது. விண்வெளி எந்நாட்டுக்கும் தனியுடைமையன்று என்பது அதன் முதன்மைக் கோட்பாடு. தனியார் ஒருவர் இராக்கெட் செலுத்தினும், அவருக்கு உத்தரவளித்து, அவரை இடையறாது மேற்பார்வை செய்யும் கடமை அவரது அரசினுடையது என்பது அதன் ஆறாம் உறுப்புரை. ஆகவே, உத்தரவின்றி எழும் தனியார் கலம் என ஒன்று இருத்தலாகாது.

பொறுப்பைப் பற்றி விரிவாய்க் கூறுவது 1972ஆம் ஆண்டின் சமவாயம். விண்ணிலிருந்து வீழ்ந்த பொருள் நிலத்திலோ, பறக்கும் விமானத்திலோ சேதம் விளைப்பின், ஏவிய நாட்டின் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் அந்நாடு நட்டஈடு செலுத்தவேண்டும். 1978இல் அணு உலையைச் சுமந்த சோவியத்துச் செய்மதியான கொஸ்மொஸ் 954 கனடாவின் வடபுலத்தில் வீழ்ந்தது. கனடா ஏறத்தாழ 60 இலட்சம் டொலர் கோரியது. 1981இல் 30 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது.

வீழ்ந்தது எவருடையது என அறியாவிடின் எவரிடம் கோருவது? இக்குறையை நீக்கவே, ஏவப்படும் பொருள்களைப் பதிவுசெய்யும் சமவாயம் 1975இல் உருவாயிற்று. இதன் தேவையை நம் கடலே காட்டியது. 2015 நவம்பர் 13ஆம் நாள், இலங்கையின் தென்கடலுக்கு மேல் விண்கழிவொன்று எரிந்து வீழ்ந்தது. அறிஞர் அது வரும் வேளையை முன்னரே கணித்து, விமானமேறி நோக்கினர். ஆயினும் அது WT என்னும் எழுத்துகளோடு எண்ணிட்ட பொருளாகவே வந்ததன்றி, உரியவர் பெயரோடு வரவில்லை.

இனி அயலகத்தை நோக்குவோம். துருவ வழியிற் சுற்றும் செய்மதியை ஏற்ற இராக்கெட் தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். சென்னைக்கு வடக்கேயுள்ள சிறீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே செலுத்தின், கழன்று விழும் பகுதிகள் நம் தீவுக்கு ஆபத்தாகும். ஆதலின் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே கடல்மீது சென்று, நம்மைச் சுற்றிய பின்னரே தெற்கே திரும்புகின்றது. இவ்வளைவினால் எரிபொருள் மிகுதியாய்ச் செலவாகிச் சுமை குறைகின்றது. இதனைத் தவிர்க்கவே, தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் மற்றோர் ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்தியாவில் தனியாருக்கு உத்தரவளிக்க 'இன்ஸ்பேஸ்' என்னும் அமைப்பு 2020இல் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பர் 18ஆம் நாள் விக்ரம்-எஸ் எழுந்தது. 2024 மே 30ஆம் நாள் சென்னை அக்னிகுல் நிறுவனத்தாரின் இராக்கெட் எழுந்தது. சென்னைத் தமிழ்நாட்டு இளைஞர் தொழிற்கூடமாயினும் அரசின் உத்தரவின்றி வானேற இயலாது.

ஏவுவதற்கு முன்னர், எக்கடற்பரப்பில் எவ்வேளையில் ஆபத்து உண்டென மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் அறிவித்தல் விடுக்கப்படுகின்றது. இங்கேதான் சட்டம் சோதிக்கப்படுகின்றது. பெருங்கப்பலின் தலைவனுக்கு எட்டும் அவ்வறிவித்தல், இரவில் வலைவீசும் நம் வள்ளத்துக்காரனின் செவிக்கும் அவன் மொழியில் எட்டவேண்டும். எட்டாவிடின், அவனளவில் அவ்விதி எழுதப்படாததற்கு ஒப்பாகும்.

சட்டம் பயின்றோரும் துறைமுகத்திற் பணியாற்றுவோரும் ஆசிரியரும் நம் பழைய மாணவரிடையே பலர். நட்டஈடு இழப்பை ஆற்றுமேயன்றி உயிரை மீட்டுத் தராது. உத்தரவு என்பது வெறும் முத்திரைத் தாளன்று. கலத்தில் ஏறுவோரையும் அதன் கீழ் வாழ்வோரையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பரிவாகும். களப்பைக் கடக்கும் பாதைக்கும் வானைக் கடக்கும் இராக்கெட்டுக்கும் இவ்வுண்மை ஒன்றே.