புதர்க்காட்டில் மோட்டார் யாத்திரை

செப்பனிட்ட சாலையில் மோட்டார் வண்டி ஓட்டுதல் ஒரு திறம். சாலை முடிந்தவிடத்து ஓட்டுதல் மற்றொரு திறம். பின்னதை ஆஸ்திரேலிய மக்கள் ஓய்வுநாள் விளையாட்டாகவே பயில்கின்றனர். புதிதாய்ப் பயில்வோர்க்கு ஏற்றதென யாம் கருதும் இடம், சிட்னி நகருக்கு மேற்கே லித்கோ என்னும் ஊரையடுத்த நியூன்ஸ் மேட்டுநிலமாம். நம் நீலகிரியிற் குடிபுகுந்த தைலமரத்தின் இனங்கள் பல அங்கே தாய்மண்ணில் அடர்ந்து நிற்கின்றன.

அவ்விடம் எளிதாயதற்குக் காரணம் ஒரு புகைவண்டி. வால்கன் பள்ளத்தாக்கின் எண்ணெய்ப்பாறைச் சுரங்கத்தின்பொருட்டு 1907-ஆம் ஆண்டில் அமைந்த இருப்புப்பாதை 1932-இல் கைவிடப்பட்டது. பின்னர் அதன் தடத்திற் சிலபகுதி காட்டுச்சாலையாயிற்று. மிகச் செங்குத்தான இடத்தும் 25 அடிக்கு ஓரடியே அதன் ஏற்றம். புகைவண்டி ஏறிய சரிவில் ஏற அஞ்சுவார் யார்?

கிளைவழிகளிலோ மணலும் கல்லும் உண்டு. அங்கே முதற்கண் நோக்கவேண்டுவது டயரின் காற்று. சாலையில் 35 பவுண்டு அளவில் நிற்கும் அழுத்தத்தைச் சரளையில் 28 அளவிற்கும், இளமணலில் 18 அளவிற்கும் இறக்குவர். காற்றுக் குறைந்த டயர் நிலத்தில் நீளப் படியும். பாரம் பரந்து இறங்குதலின் சக்கரம் மணலைத் தோண்டாது மேலே ஊர்ந்து செல்லும். அந்நிலையில் விரைவு கூடாது; சாலைக்கு மீளுங்கால் காற்றை மீண்டும் நிரப்பாவிடின் டயர் சூடேறிக் கெடும்.

இறக்கத்தில் தாழ்ந்த கியரை இட்டு, வண்டியை இயந்திரமே தடுத்து நிறுத்துமாறு விடுதல் வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிப்பின் சக்கரம் சுழலாது சறுக்கும். பள்ளமோ நீரோ எதிர்ப்பட்டால் இறங்கி நடந்து பார்த்தல் முறை; ஓடும் வெள்ளத்திலோ காலும் வைத்தலாகாது. ஓட்டுதலினும் இவ்விறங்கி நடத்தலே புதியோர்க்கு அரிதென்பது எம் துணிபு. இருக்கையை விட்டெழ எவர்க்கும் மனம் வருவதில்லை.

காட்டுத்தீ வேறு உண்டு. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் காஸ்பர்ஸ் மலைத் தீ இம்மேட்டுநிலத்தையும் எரித்தது. ஆதலின், தடம் திறந்துளதா, தீத்தடை உளதா என வினவியே புறப்படுதல் வேண்டும். கைத்தொலைபேசி அங்குப் பலவிடத்துப் பயன்படாது; எனவே இரு வண்டிகள் கூடிச் செல்வது நலம். வண்டி பழுதுற்று நின்றால் அதைவிட்டு அகலாது நீருடன் அங்கேயே தங்குக. தேடிவருவோர்க்கு மரங்களிடையே தனிமனிதனைக் காண்டலினும் வண்டியைக் காண்டல் எளிது.