குண்டு வார்க்கும் காரீயம்

1776 சூலை 9ஆம் நாள் மாலை, நியூயார்க் நகரின் பவுலிங் கிரீன் திடலில் குதிரைமேல் வீற்றிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினர். பொன்முலாம் பூசிய அச்சிலை காரீயத்தால் ஆனது. அதன் துண்டுகளுள் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டு ஊரில் இருந்த ஆலிவர் உல்காட்டின் வீட்டுக்குச் சென்றது. அங்கே பெண்களும் சிறுவரும் அதை உருக்கிக் குண்டுகளாக வார்த்து, 42,088 தோட்டாக்களைச் செய்து முடித்தனர். ஒவ்வொருவரும் செய்தது எத்தனை என்று உல்காட் குறித்து வைத்த கணக்கில், எட்டு வயது மகன் ஃபிரெடெரிக்கின் பெயருக்கு நேரே 936 என்று இருக்கிறது.

ஒரு சிறுவன் செய்யக்கூடிய அளவுக்கு இத்தொழில் எளிதாய் இருந்ததற்குக் காரணம் காரீயத்தின் உருகுநிலை. செம்பு 1085 பாகை செல்சியசில் உருகும். இரும்புக்கு 1538 பாகை வேண்டும். காரீயமோ 327 பாகையிலேயே நீராகிவிடும். அடுப்பும் இரும்புக் கரண்டியும் இருந்தால் போதும். பருமனுக்கேற்ற எடை மிகுதியாதலால், காரீயக் குண்டு காற்றின் தடையை வென்று நெடுந்தொலைவு வேகம் குன்றாமல் செல்லும்.

அதே காரீயத்தின் மென்மை முதலில் துணையாகவும் பின்னர்ப் பகையாகவும் விளங்கியது. ரைபிள் குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள்வரிகளைக் குண்டு இறுகப் பற்றினால்தான் அது சுழன்று நேராகச் செல்லும். 1849இல் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு, வெடிப்பின் அழுத்தத்தில் அடிப்புறம் விரிந்து அவ்வரிகளைத் தானே பற்றிக்கொண்டது. மென்மையின்றி அது நடந்திராது. ஆனால் 1880களில் புகையற்ற வெடிமருந்து வந்து குண்டின் வேகத்தைப் பெருக்கியதும், மென்காரீயம் வரிகளில் சிக்கி உரிந்து குழலில் படியலாயிற்று. அதற்கு மாற்றாகச் செம்புறை போர்த்திய குண்டு பிறந்தது.

சுட்டபின் எஞ்சும் பித்தளை உறையைப் பலமுறை பயன்படுத்தலாம். அதில் தீமூட்டியும் மருந்தும் குண்டும் புதிதாய் இட்டுத் தம் தோட்டாவைத் தாமே செய்துகொள்வோர் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுக்குச் செம்புறைக் குண்டே பெருஞ்செலவு. ஆகவே பலர் மிதமான வேகத்துக்கு ஏற்ற வார்ப்புக் குண்டுக்குத் திரும்புகின்றனர். அடியில் சிறு செம்புத் தொப்பி பொருத்தினால், வெப்ப வளியின் தாக்குதலை அது ஓரளவு தாங்கும்.

இங்கே உலோகவியல் தொடங்குகிறது. தூய காரீயத்தின் பிரினெல் கடினத்தன்மை ஏறத்தாழ 5. ஆண்டிமனியைச் சேர்த்தால் அது உயரும். வெள்ளீயத்தைச் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய விளிம்புவரை பாய்ந்து நிறையும். இக்கலவையை அமெரிக்கர் நெடுங்காலம் அச்சுக்கூடங்களில் இருந்தே பெற்றனர். 1886இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் பணி தொடங்கிய மெர்கெந்தாலரின் லினோடைப் பொறி, எழுத்து வரிகளை வார்க்கப் பயன்படுத்திய உலோகத்தில் காரீயம் 84, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4 பங்கு இருந்தன. கடினத்தன்மை ஏறத்தாழ 22. 1978இல் நியூயார்க் டைம்சு உருக்கிய உலோகத்தில் எழுத்துக் கோப்பதை நிறுத்தியது. அதே காலத்தில் பிற நாளிதழ்களும் நிறுத்தின. அவ்வுலோகம் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து, மெல்ல மெல்லத் தீர்ந்துபோயிற்று.

அடுத்த ஊற்று, வண்டிச் சக்கரங்களைச் சமன்செய்ய விளிம்பில் மாட்டும் எடைத் துண்டுகள். டயர் கடைகளில் வாளி வாளியாகக் கிடைத்த இவற்றில் சிறிது ஆண்டிமனியும் மிகச் சிறிதளவு ஆர்செனிக்கும் இருந்தன. ஆனால் 2010இல் கலிபோர்னியா இவற்றில் காரீயத்தைத் தடை செய்தது. துத்தநாகமும் எஃகும் அவ்விடத்தைப் பிடித்தன. துத்தநாகத் துண்டு ஒன்று கொப்பரையில் உருகினாலே கலவை கூழாகித் தடித்து, அச்சை நிரப்ப மறுக்கும். கடிகருவியால் அழுத்தினால் காரீயம் எளிதில் பதியும், துத்தநாகம் பதியாது. அதன் உருகுநிலை 419 பாகை என்பதால், கொப்பரையை அதற்குக் கீழே வைத்திருந்தால் உருகாமல் மேலே மிதக்கும்; கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். காரீயத்துக்காகப் பழைய மின்கல அடுக்குகளைத் தொடவே கூடாது. அவற்றின் கசடு ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்னும் கொடிய நச்சு வளிகளை வெளியிடக்கூடும்.

வார்க்கும் முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது கசடு நீக்கும் கட்டம். உருகிய கலவைமேல் சாம்பல்நிற ஆடை படர்கிறது. அதில் விலைமிக்க வெள்ளீயத்தின் ஆக்சைடும் உண்டு. அறியாதவர் அதை அள்ளி வீசிவிடுவர். சிறிது தேன்மெழுகோ மரத்தூளோ இட்டுக் கிளறினால், அதன் கரிமம் ஆக்சிசனைப் பற்றிக்கொள்ள வெள்ளீயம் கலவைக்கே மீள்கிறது. மேற்பரப்பு கண்ணாடியாகிறது. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். அளவுக்கு மிஞ்சிச் சுட்டிருந்தால் பனி படிந்தாற்போல் மங்கும். சிலர் வெந்நிலைக் குண்டை நேரே நீரில் விழச்செய்வர். ஆண்டிமனி பிரிய நேரமின்றிக் காரீயத்துள் சிறைப்பட்டு, அடுத்த சில நாள்களில் நுண்துகள்களாய்ப் படிந்து கடினத்தை உயர்த்துகிறது. ஆனால் அந்நீர் கொப்பரையிலிருந்து நன்கு விலகியிருக்க வேண்டும். உருகிய காரீயத்துக்குள் சிக்கும் ஒரு துளி, தன் பருமனைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலான நீராவியாகி, உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும்.

காரீயம் நஞ்சு. வார்க்கும் வெப்பத்தில் ஆவியாவது சிறிதே; கசட்டுத்தூளும் கழுவாத கையும் வாய்க்குச் செல்வதே பெருங்கேடு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள், சமையலறை அடுப்பில் இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். ஃபிரெடெரிக்கின் காலத்தினர் இதை முழுமையாக அறியவில்லை, நாம் அறிவோம். குண்டுபட்ட விலங்கின் எச்சத்தைத் தின்று காரீயமேறி மாண்ட காண்டர் கழுகுகளைக் காக்க, கலிபோர்னியா 2019 சூலை முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டை முற்றிலும் தடுத்துவிட்டது. அங்கே வார்ப்போர் இனி இலக்குப் பலகையை மட்டுமே சுடலாம். பலகைக்குப் பின்னுள்ள மண்மேட்டைச் சலித்தால், சுட்ட காரீயத்தில் பெரும்பங்கு மீண்டும் கிடைக்கும். உருக்கும்போது செம்புறைகள் உருகாமல் மிதந்து பிரியும்; எஞ்சும் மென்காரீயத்தில் ஆண்டிமனியையும் வெள்ளீயத்தையும் அளந்து சேர்த்து அடுத்த வார்ப்பைத் தொடங்குகின்றனர்.