முன்னாய்வு (ரோபோ போட்டி)

முன்னாய்வு அல்லது ஸ்கவுட்டிங் என்பது ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் பங்கேற்கும் உயர்நிலைப் பள்ளி அணிகள், பிற அணிகளின் ரோபோக்களைப் பற்றிக் கேட்டும் கண்டும் தகவல் திரட்டும் முறை ஆகும். இப்போட்டி 1992 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் 28 அணிகளுடன் தொடங்கியது.

ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் புதிய விளையாட்டு அறிவிக்கப்படுவதால், பழைய ரோபோவைக் கொண்டு ஓர் அணியை எடைபோட இயலாது. ஓர் ஆட்டத்தில் மும்மூன்று ரோபோக்கள் கொண்ட இரு கூட்டணிகள் மோதும். தகுதிச் சுற்றில் கூட்டாளிகளை அட்டவணையே தீர்மானிக்கிறது. காலையில் எதிரணியில் நின்றவர் மாலையில் கூட்டாளியாகலாம். பின்னர், தரவரிசையில் முன்னிற்கும் அணிகள் தம் கூட்டாளிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும். இதனாலேயே அணிகள் தம் ரோபோவின் திறனை மறைப்பதைவிட எடுத்துரைப்பதையே விரும்புகின்றன.

"பிட்" எனப்படும் பணியிடத்தில் சக்கர அமைப்பு, எடை, புள்ளி எடுக்கும் முறை ஆகியவை கேட்கப்படும். மிகவும் பயனுள்ள கேள்வி, தொடக்கத்தில் ஓட்டுநரின்றி நிரலால் மட்டும் இயங்கும் சில வினாடிகளைப் பற்றியது. ஒரே கூட்டணியின் இரு ரோபோக்கள் ஒரே பாதையில் புறப்பட்டால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முன்கூட்டிப் பேசி ஒன்றின் பாதையை மாற்றிவிடலாம்.

2019 வரை ஏறத்தாழ ஆறு வாரங்களில் ரோபோவைக் கட்டி முடித்துப் பையிலிட்டு முத்திரையிட வேண்டியிருந்தது. 2020 பருவத்தில் இவ்விதி நீக்கப்பட்டதால், போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு கூறப்பட்ட விவரம் களத்திற்கு வரும்போது மாறியிருக்கலாம். மேலும், "செய்யும்" என்பதற்கும் "செய்யுமாறு வடிவமைத்துள்ளோம்" என்பதற்கும் வேறுபாடு பெரிது. ஆகையால் பல அணிகள் ஆறு மாணவர்களைப் பார்வையாளர் பகுதியில் அமர்த்தி, ஆளுக்கொரு ரோபோவாகக் கவனித்து, கேட்ட விடைகளைச் சரிபார்க்கின்றன.